மல்லி தூக்கலா இருக்கு

கலைவாணி மெழுகுவத்தி செய்ய ஆரம்பித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. காலையில் புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் ஒரு நர்சரி பள்ளியில் வேலை. பகல் சாப்பாட்டுக்கு மேல் சும்மாதான் இருந்தாள். ஒருநாள் ஒயிட் டவுன் பக்கம் போனபோது ஒரு கடையில் கண்ணாடிக் குடுவைக்குள் ஊற்றி வைத்திருந்த வாசனை மெழுகுவத்தியைக் கையில் எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

“ஏங்க, இத நாமளே செய்யலாம் போல இருக்கே.”

“செய்யேன்” என்றான் கோபிநாத்.

கோபிநாத் சேதராப்பட்டில் அட்டைப்பெட்டி செய்யும் ஒரு கம்பெனியில் ஷிப்டு சூப்பர்வைசர். மனைவி எதைக் கேட்டாலும் ‘செய்யேன்’ என்று சொல்லக்கூடியவன். சொல்லிவிட்டு ஒதுங்கவும் மாட்டான். கம்பெனியிலிருந்து வந்ததும் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடுவைகளைக் கழுவித் துடைத்து, திரியை நடுவில் நிற்க வைத்துக் கொடுப்பான்.

அவனுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. வாசனை எண்ணெயைக் கலக்கிக் கலக்கி, கொஞ்ச நேரத்தில் கலைவாணியின் மூக்கு மரத்துப் போய்விடும். மல்லியா ரோஜாவா என்றே அவளுக்குப் பிடிபடாது. அதனால் ஒவ்வொரு குடுவையையும் ஏற்றி, சமையலறைக் கதவைச் சாத்தி, அவனை உள்ளே உட்கார வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் திறந்து கேட்பாள்.

“எப்படி இருக்கு?”

“சூப்பரு.”

“போன வாட்டி செஞ்சதவிடவா?”

“அது கொஞ்சம் சப்புன்னு இருந்துச்சு. இதுதான் தூக்குது.”

அவன் ‘தூக்குது’ என்று சொன்னதை மட்டும் குறித்துக்கொண்டு, அதே அளவில் மறுபடியும் செய்வாள். வாசனை எண்ணெய் பெரிய மார்க்கெட்டை ஒட்டிய சந்தில் உத்திராபதி கடையில் வாங்கியது. மெழுகு, கட்டி கட்டியாக விற்கும் பாரஃபின். நிறத்துக்கு, பள்ளிக்கூடப் பிள்ளைகள் தீட்டும் கிரேயான் குச்சியை உடைத்துப் போட்டு உருக்கினாள். ரோஜா நிறத்தில், மஞ்சளில், இளம் பச்சையில் அழகாக இருந்தன. மேலே காய்ந்த ரோஜா இதழைத் தூவி, ‘கலை கேண்டில்ஸ்’ என்று ஸ்டிக்கரும் ஒட்டியாகிவிட்டது.

முதல் ஆர்டர் சுமலதா கொடுத்தாள். முன்பு கலைவாணியோடு அதே பள்ளியில் வேலை பார்த்தவள். மாமனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பட்டாளத்துக்காரர் என்ற அர்த்தத்தில் ‘சொல்தா வீடு’ என்றால் சுஃப்ரேன் வீதியில் இன்றைக்கும் வழி காட்டுவார்கள். அந்த வீட்டைத்தான் சுமலதா இப்போது விருந்தினர் தங்கும் விடுதியாக மாற்றியிருந்தாள்.

“ரூமுக்கு ஒண்ணு வெக்கிறேன் கலை. நல்லா இருந்துச்சுன்னா, ஜூலை பதினாலுக்கு மொத்த வீட்டுக்கும் நீதான். அன்னிக்கி பிரெஞ்சு தேசிய தினமில்ல, பாரீசுலேர்ந்து எங்க வீட்டுக்காரரோட சொந்தக்காரங்கல்லாம் வர்றாங்க. ராத்திரி விருந்து.”

கலைவாணிக்குத் தலைகால் புரியவில்லை. கோபிநாத் தூக்குது என்று சொன்னதிலேயே அதிகம் தூக்கிய மல்லியைப் பெட்டியில் அடுக்கி, ஸ்கூட்டரில் மடியில் வைத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

மறுநாள் பகல் சுமலதாவிடமிருந்து போன் வந்தது.

“கலை, தப்பா எடுத்துக்காத. மாடி ரூம்ல இருந்தவங்க கேண்டில தூக்கி பால்கனில வெச்சிட்டாங்க. தலவலியாம். கீழ் ரூம்ல ஒரு அம்மாவுக்குக் கண்ணெல்லாம் செவந்து போச்சு. எங்க பூனை மினு இருக்குதே, அது தும்மித் தும்மி இப்ப மாமரத்துல ஏறி உக்காந்திருக்கு. எறங்க மாட்டேங்குது.”

“ஐயோ அக்கா!”

“அது மட்டும் இல்ல. செவுத்துல கரி புடிச்சிருக்கு. இன்னாடி கலந்த அதுல?”

கலைவாணிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. “எல்லாத்தயும் திருப்பி எடுத்துக்கறேன் அக்கா. ஜூலைக்கு வேற யாருகிட்டயாச்சும் வாங்கிக்குங்க.”

“லூசு மாதிரி பேசாத. தப்பு எங்கன்னு பாத்துச் சரி பண்ணு. இன்னும் நாள் இருக்கு.”

அன்றைக்கு சாயந்தரம் வரைக்கும் கலைவாணி யோசித்துக்கொண்டே இருந்தாள். யோசனையோடு யோசனையாக இன்னொரு குடுவையும் ஊற்றி வைத்தாள். கை பழக்கத்தில் வேலை செய்ததே தவிர புத்தி அதில் இல்லை. கோபிநாத் வந்ததும் வழக்கம்போல ஏற்றி, அவனை உட்கார வைத்துக் கதவைச் சாத்தினாள். சாத்திவிட்டுத் திரும்பியவள் கண்ணில் கூடத்து மேசை மேல் புதிதாக வாங்கி வைத்திருந்த வாசனை எண்ணெய் பாட்டில் பட்டது. மூடி திறக்காமல், சீல் கூட உடைக்காமல் அப்படியே இருந்தது.

அவள் வாசனை எண்ணெய் ஊற்றவே இல்லை. உள்ளே எரிவது வெறும் மெழுகு.

சிரித்துக்கொண்டே கதவைத் திறந்தாள். வாய் திறப்பதற்குள் கோபிநாத் முந்திக்கொண்டான்.

“மல்லி தூக்கலா இருக்கு.”

கலைவாணி கதவைப் பிடித்தபடி நின்றாள்.

“என்னா சொன்னீங்க?”

“மல்லி. சூப்பரா இருக்கு. எப்பவும் போலத்தான்… கொஞ்சம் மைல்டு.”

“அதுல மல்லியே இல்லீங்க.”

“ரோஜாவா?”

“ஒண்ணுமே இல்ல. ஊத்த மறந்துட்டேன்.”

கோபிநாத் குடுவையைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். கடைசியாக ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன.

“உங்களுக்கு வாசனை தெரியலியா?”

அவன் ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டினான்.

“எப்போலேர்ந்து?”

“கொரோனா வந்துச்சே, அப்போலேர்ந்துதான்” என்றான். “உனக்குத்தான் தெரியுமே.”

“வாசனை திரும்பி வந்துடுச்சுன்னு சொன்னீங்களே! காப்பி வாசனை வருதுன்னு சொன்னீங்க, எங்க அம்மாவுக்குப் போன் போட்டுச் சொன்னேனே!”

“எல்லாரும் டெய்லி கேட்டீங்க கலை. நீ கேட்ட, உங்கம்மா கேட்டாங்க, எங்க அக்கா கேட்டுச்சு, கம்பெனில வாட்ச்மேன் வரைக்கும் கேட்டான். வரலன்னு சொன்னா எல்லார் மூஞ்சியும் சுருங்கிப் போவுது. ஒருநாள் வந்துடுச்சுன்னு சொல்லிட்டேன். எல்லாரும் சந்தோசமாயிட்டீங்க. அப்புறம் அத எப்படித் திருப்பி வாங்கறது?”

கலைவாணிக்குக் கோபம் வரவேண்டும் என்றுதான் தோன்றியது. வந்தது வேறு. இத்தனை வருஷமாக மீன் குழம்பு வைத்த அன்றெல்லாம் வாசல்படியிலேயே ‘ஆகா’ என்று சொல்லிக்கொண்டு வந்த மனிதர். வாசலில் கிடந்த செதிலைப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார் போல. அவன் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

“அப்ப கேண்டில மட்டும் எத வெச்சி சூப்பரு, சப்புன்னு இருக்குன்னு சொன்னீங்க?”

“சிலது ஏத்தினா கண்ணு எரியும். தொண்டைல பிராண்டற மாதிரி இருக்கும். வாசனை ஜாஸ்தியா இருந்தா அப்படித்தான் இருக்கும்போலன்னு நெனச்சிக்கிட்டேன். எதுல கண்ணு நல்லா எரியுதோ அத சூப்பருன்னு சொன்னேன்.”

கலைவாணி ஒரு நொடி அவனையே பார்த்தாள். அப்புறம் அடக்க முடியாமல் சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

“இருக்கறதுலயே மோசமானத பொறுக்கிப் பொறுக்கி எடுத்துச் சுமலதா அக்கா வீட்டுக்கு அனுப்பியிருக்கோம்! பூன மரத்துல ஏறாம என்னா பண்ணும்?”

கோபிநாத்தும் சிரித்துவிட்டான். சிரித்து ஓய்ந்ததும், எரிந்துகொண்டிருந்த குடுவையைச் சுட்டிக்காட்டினான்.

“இது உறுத்தவே இல்ல கலை. எண்ணெய் ஊத்தாததுக்கு இவ்ளோ வித்தியாசம் இருக்குது பாரு. அப்ப கோளாறு அந்த பாட்டில்லதான் இருக்கு.”

மறுநாள் இருவரும் பாட்டிலை எடுத்துக்கொண்டு உத்திராபதி கடைக்குப் போனார்கள். உத்திராபதி பெரிய உடம்புக்காரர். சின்னக் கடைக்குள் நூறு பாட்டிலுக்கு நடுவில் எதையும் தட்டிவிடாமல் திரும்பும் வித்தை தெரிந்தவர். கலைவாணி சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

“ஏம்மா, நீ கேண்டிலுக்குன்னு சொல்லவே இல்லியே! நல்லா தூக்கலா மல்லி குடுங்கன்னு கேட்ட. நான் பினாயில் போடறவங்கன்னு நெனச்சேன்.”

“பினாயிலா?”

“இது தரை தொடைக்கிற பினாயிலுக்குக் கலக்கற மல்லிம்மா. தண்ணில கலக்கித் தரைல ஊத்தறது. இத நெருப்புல வெச்சி எரிச்சா எப்படி இருக்கும்?”

கோபிநாத் கலைவாணியைப் பார்த்தான். கலைவாணி பாட்டிலைப் பார்த்தாள். பாட்டிலில் மல்லிப்பூ படம் மட்டும்தான் இருந்தது. எதில் செய்தது, எதற்குப் போடலாம் என்று ஒரு வரி கூட இல்லை. வாங்கும்போது அவளும் கேட்கவில்லை.

“அப்ப கேண்டிலுக்குன்னு தனியா இருக்குதா அண்ணே?”

“இருக்கு. கம்பெனி சரக்கு. கூடவே பேப்பர் குடுப்பான். என்னென்ன சேர்ந்திருக்கு, எவ்ளோ சூடு தாங்கும், கேண்டில்ல எத்தன சதவீதத்துக்கு மேல போடக்கூடாதுன்னு எல்லாம் போட்டிருக்கும். தாலேட்டுன்னு ஒண்ணு சேப்பாங்க, வாசனை நாளாயும் நிக்கிறதுக்கு. அது இல்லாததும் கெடைக்குது. எங்கிட்ட யாரும் கேக்கறதில்ல, அதனால நான் வெக்கிறதில்ல. நீ கேட்டா வரவழைச்சித் தர்றேன்.”

“வேணாம் அண்ணே, இயற்கையாவே போட்டுடலாம். பச்சக் கற்பூரம், லவங்க எண்ணெய், லவங்கப்பட்டை எண்ணெய் எல்லாம் குடுங்க. பூ, பட்டைலேர்ந்து எடுத்தது ஒண்ணும் பண்ணாதுல்ல?”

உத்திராபதி மூன்று சின்ன பாட்டில்களை எடுத்து வைத்தார். பட்டை எண்ணெயின் மூடியைத் திறந்ததும் கலைவாணி ஆசையாக மூச்சை இழுத்தாள். கோபிநாத்துக்கோ கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

“யோவ் என்னாய்யா இது!” என்று கடைக்கு வெளியே ஓடினான்.

உத்திராபதி மூடியைத் திருகிக்கொண்டே சிரித்தார். “இயற்கைதான், மிளகாகூட இயற்கைதான். கண்ணுல போட்டுப்பியா? இதெல்லாம் சொட்டு கணக்குல போடறது. கைல பட்டாக்கூட கொப்பளிக்கும்.”

கலைவாணி பேப்பரோடு வரும் கம்பெனி சரக்கையே வரவழைக்கச் சொன்னாள்.

அதன் பிறகு வந்த சாயந்தரங்கள் எல்லாம் சமையலறையில்தான் கழிந்தன. கலைவாணி போனில் படித்துப் படித்துக் குழம்பினாள். பாரஃபின் விஷம் என்று ஒருவர் சொன்னார், அதெல்லாம் கட்டுக்கதை என்று இன்னொருவர் சொன்னார். கடைசியில், கண்ணெதிரே கரி விடுகிறதா இல்லையா என்று பார்த்துத் தானே முடிவு பண்ணிக்கொள்வது என்று இறங்கினாள். சோயா மெழுகை வாங்கிக் கொஞ்சம் தேங்காய் மெழுகு கலந்து உருக்கினாள். கிரேயானைத் தூக்கிப் போட்டாள். அதன் சாயத்தூள் திரியில் அடைத்துக்கொண்டு கரியாக விட்டது என்பது, வெள்ளைக் குடுவையையும் பச்சைக் குடுவையையும் பக்கத்தில் பக்கத்தில் ஏற்றி வைத்ததும் தெரிந்துபோயிற்று. பச்சைக்கு மேலே பிடித்த எவர்சில்வர் தட்டு அட்டக்கரியாக ஆனது. வெள்ளைக்கு மேலே பிடித்தது துடைத்து வைத்த மாதிரியே இருந்தது. திரியும் வெறும் பருத்தி, உள்ளே கம்பி எதுவும் இல்லாதது. ஏற்றும் முன்பு அதைக் கட்டையாக வெட்டிவிட்டால் புகை இன்னும் குறைந்தது.

ரோஜா இதழைக் கைவிட அவளுக்கு மனசு வரவில்லை. “அழகா இருக்குங்க.”

“இருக்கட்டும், ஏத்திப் பாக்கலாம்” என்றான் கோபிநாத்.

ஏற்றினார்கள். மெழுகு உருகியது. காய்ந்த இதழ் ஒன்று மெல்ல மிதந்து மிதந்து திரியிடம் போய்ச் சேர்ந்தது. குப்பென்று குடுவை முழுக்க நெருப்பு. கோபிநாத் பாய்ந்து எவர்சில்வர் தட்டால் மூடினான். நெருப்பு அடங்கியது. கலைவாணி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

“இதழ் வேணாம்” என்றாள்.

“வேணாம்” என்றான் அவனும்.

உத்திராபதியின் புது சரக்கு வந்தது. கூடவே பேப்பரும் வந்தது. கலைவாணி அதைப் பள்ளிக்கு எடுத்துப்போய், அங்கே கெமிஸ்ட்ரி படித்துவிட்டு வேலைக்கு வந்திருந்த துர்காவோடு உட்கார்ந்து வரி வரியாகப் படித்தாள். தாலேட் இல்லை என்று போட்டிருந்த ஐந்தில் மூன்றை எடுத்துக்கொண்டாள். மற்ற இரண்டில் தோலுக்கு அலர்ஜி தரும் என்று எச்சரிக்கை பெரிதாக இருந்தது. எடுத்ததையும் பேப்பர் சொன்ன அளவில் பாதிதான் ஊற்றினாள்.

ஒவ்வொன்றையும் ஏற்றி வைத்தபோது கோபிநாத் தானாகவே போய் உட்கார்ந்தான்.

“வேணாங்க. உங்கள எலி மாதிரி வெச்சிப் பாக்க எனக்குப் புடிக்கல.”

“ஜன்னலத் தொறந்து வெச்சிக்கறேன். உனக்கு வாசனை வந்தா மத்ததெல்லாம் மறந்துடுது கலை. மல்லின்னதும் மயங்கிடற. எனக்கு அந்த மயக்கம் கெடையாது. உறுத்துதா இல்லியா, அது மட்டுந்தான் தெரியும்.”

“உறுத்தலன்னா நல்லதுன்னு ஆயிடாது. மொதல்ல பேப்பரு. அதுல பாஸானாத்தான் உங்ககிட்ட வரும்.”

“சரிங்க மேடம்.”

முதல் குடுவைக்கு அவன் தலையை ஆட்டினான். இரண்டாவதுக்குக் கொஞ்ச நேரத்தில் தொண்டையைச் செருமினான். “இது வேணாம். என்னமோ பிராண்டுது.” கலைவாணிக்கு அதுதான் இருப்பதிலேயே பிடித்த வாசனை. மனசே இல்லாமல் ஒதுக்கி வைத்தாள். மூன்றாவது எலுமிச்சம்புல் மாதிரி லேசான ஒன்று. அதில் அவன் உட்கார்ந்தபடியே தூங்கிப் போனான். அதைப் பாஸ் என்று எடுத்துக்கொண்டார்கள்.

ஜூலை நெருங்கியதும் சுமலதாவைப் போய்ப் பார்த்தார்கள். மினு அவர்களைப் பார்த்ததும் மாமரத்துப் பக்கம் நகர்ந்தது.

“பூனை இருக்கற எடத்துல வாசனைச் சரக்கு எதுவும் ஜாக்கிரதையாத்தான் வெக்கணும்னு மாட்டு டாக்டர் சொன்னாருக்கா” என்றாள் கலைவாணி. “அதனால மினு படுக்கற ரூம்ல மட்டும் எதுவும் வேணாம். வாசல் ஹால்ல லேசா வாசனை இருக்கறது ரெண்டு. ஜன்னல் தொறந்திருக்கணும்.”

“சாப்பாட்டு மேசைக்கு?”

கலைவாணி கோபிநாத்தைத் திரும்பிப் பார்த்தாள். கோபிநாத்தான் சொன்னான்.

“அங்க வெறும் மெழுகு போதும் அக்கா.”

“வாசனையே இல்லாமயா? வாசனை கேண்டில்தானே நான் கேட்டேன்!”

“நீங்க மீன் வறுப்பீங்க. மசாலா அரைச்சி ஏதாச்சும் வெப்பீங்க. அந்த வாசனைக்குத்தான அவ்ளோ தூரத்துலேர்ந்து வர்றாங்க? அதும்மேல மல்லிய எதுக்குக் கொட்டறது? சாப்பாடு வாசனை தெரியறது பெரிய விஷயங்க்கா. தெரியறவங்க அத விட்டுடக்கூடாது.”

அவன் சாதாரணமாகத்தான் சொன்னான். கலைவாணி அவன் கையை மேசைக்குக் கீழே பிடித்துக்கொண்டாள். சுமலதா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “சரி, நீங்க சொல்றபடியே ஆவட்டும்” என்றாள்.

ஜூலை பதினாலு அன்று டவுன் களைகட்டியிருந்தது. பீச் ரோடு பக்கமிருந்து பேண்டு சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சுஃப்ரேன் வீதி வீட்டின் கூடத்தில் நீள மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, அதன் நடுவில் கலைவாணியின் குடுவைகளை வரிசையாக வைத்திருந்தார்கள். நிறம் இல்லை, இதழ் இல்லை, வாசனை இல்லை. வெள்ளை வெளேரென்று பார்க்கப் பாவமாக இருந்தன. கலைவாணி ஒவ்வொன்றையும் தொட்டுத் தொட்டு நேராக வைத்தாள்.

விளக்கை அணைத்துவிட்டு எல்லாவற்றையும் ஏற்றினார்கள். சுடர் ஆடாமல் நின்றது. வெள்ளை மெழுகு உள்ளிருந்து பால் மாதிரி ஒளிர்ந்தது. மேசையைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் முகமெல்லாம் திடீரென்று இளசாகிவிட்ட மாதிரி இருந்தது. வஞ்சிரம் வறுவல் வந்தது. “ம்ம்!” என்று ஒரே நேரத்தில் நாலைந்து பேர் மூச்சை இழுத்தார்கள்.

பாரீசிலிருந்து வந்திருந்த தில்லையம்மாள் என்கிற அம்மாள், சுமலதா வீட்டுக்காரருக்குச் சித்தி முறை. இத்தனை வருஷம் அங்கே இருந்தும் புதுச்சேரித் தமிழ் கொஞ்சமும் மாறாதவர். பரிமாறிக்கொண்டு வந்த கோபிநாத்தை நிறுத்தினார்.

“தம்பி, இந்த மெழுகுவத்தி யாரு செஞ்சது? எனக்கு வாசனை போட்டது ஏத்தினா மூச்சு முட்டும். எங்க போனாலும் எழுந்து வெளில போயிடுவேன். இது ஒண்ணும் பண்ணலியே? இது என்னா வாசனை?”

“வாசனை எதுவும் இல்லீங்கம்மா. சும்மா.”

“சும்மாவா?”

“ஆமாங்க, சும்மா.”

தில்லையம்மாள் எதிரே இருந்த பிரெஞ்சு மருமகளிடம் குடுவையைக் காட்டி என்னமோ சொன்னார். அதில் ‘சும்மா’ என்ற வார்த்தை மட்டும் இவர்களுக்குப் புரிந்தது. அந்தப் பெண் குடுவையைக் கையில் எடுத்து, வாய் நிறைய, “ஸும்மா! த்ரே ஜோலி!” என்றாள். ரொம்ப அழகு என்று அர்த்தமாம். பக்கத்திலிருந்தவர் “ஸும்மா?” என்றார். மேசை முழுக்க அந்த வார்த்தை சுற்றி வந்தது. அது ஏதோ தமிழ்நாட்டுப் பூவின் பெயர் என்று ஒரு இளைஞன் நம்பியே விட்டான். அவனைத் திருத்த யாருக்கும் மனசு வரவில்லை.

வாசல் ஹாலில் வைத்த எலுமிச்சம்புல் குடுவைகளையும் போகும்போது நாலு பேர் குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் போனார்கள். யாருக்கும் தலை வலிக்கவில்லை. தில்லையம்மாள் ஊருக்கு எடுத்துப்போக ஒரு டஜன் கேட்டார், எல்லாம் சும்மா.

அதற்கப்புறம் கோபிநாத் டாக்டரிடம் போனான். கலைவாணியும் கூடப் போனாள். தினம் காலையில் ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, நீலகிரித் தைலம் என்று நாலையும் மாற்றி மாற்றி முகர்ந்து பழகச் சொன்னார் டாக்டர். வரலாம், வராமலும் போகலாம், அவசரப்படாதீர்கள் என்றார். காலைக் காப்பிக்கு முன்பு இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து முகர்கிறார்கள்.

“ஏதாச்சும் வருதா?”

“ஒண்ணும் வரல.”

“சரி, காப்பி குடிங்க.”

அவள் முகம் சுருங்குவதில்லை. அவனும் பொய் சொல்வதில்லை.

‘கலை கேண்டில்ஸ்’ இப்போது டவுனில் இரண்டு கடையில் இருக்கிறது. வாசனை போட்டது இரண்டு விதம். ஒவ்வொரு குடுவையிலும் உள்ளே என்ன இருக்கிறது, எப்படி ஏற்றுவது, ஜன்னலைத் திறந்து வையுங்கள், பூனை இருந்தால் கவனம் என்றெல்லாம் தமிழில் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறாள். அதிகம் போவது மட்டும் வாசனையில்லாத வெள்ளைக் குடுவைதான். அதன் மேல் பெரிய எழுத்தில் ‘சும்மா’ என்று போட்டிருப்பதால், கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு, பில் போடாமல் வாசலைத் தாண்டப் பார்க்கிறார்கள் என்று கடைக்காரர் போன வாரம் போன் போட்டுப் புலம்பினார்.